விண்ணென்று நிற்கும் நூல்

மாலை வெயில் தையல் மெஷின் மீது சாய்ந்து விழுகிறது. அக்கா தைப்பதை நிறுத்திவிட்டு, ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் விமானத்தை அதன் பலகையில் வைக்கிறாள். முதல் உலகப்போர்க் காலத்து, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கை கொண்ட விமானம். டப்பாவில் துண்டு துண்டாக வந்ததைச் சின்ன வயதில் இருவரும் ஒட்டியது. நிஜ விமானங்களைப் பழுதுபார்க்கும் தம்பி மூச்சை அடக்கிக்கொண்டு குனிகிறான். அன்று அவசரக்குடுக்கை, மேலும் கீழுமான இரண்டு இறக்கைகளையும் முதலிலேயே ஒட்டிவிட்டான். அவற்றை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளை நடுவே கட்ட விரல் நுழைய வழியில்லாமல் போனது. அழுதவனை நகரச் சொல்லிவிட்டு, அக்காதான் வளைந்த ஊசியில் கறுப்பு நூல் கோத்து, குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினாள். பசை மஞ்சளித்துவிட்டது, ஒரு சக்கரத்தைக் காணோம். அவன் நகத்தால் நூலைச் சுண்டுகிறான். விண்ணென்று தெறிக்கிறது.

"முப்பத்தஞ்சு வருஷமாச்சு. ஒரு இழைகூடத் தளரலையேக்கா!"

"பின்ன? கட்டினது யாரு?"

அவன் விமானத்தைத் திருப்புகிறான். வயிற்றில் அவனுடைய அன்றைய கோணல் எழுத்து: 'கட்டியது நான்'. சட்டைப்பைப் பேனாவை எடுத்து 'நான்' என்பதை அடித்து 'அக்கா' என்று எழுதுகிறான். கீழே, வேலையிடத்தில் போடுவது போலவே, 'சரிபார்த்தது தம்பி' என்று கையெழுத்திடுகிறான். அக்கா எதையும் பார்க்காதவள் போல மெஷினை மிதிக்கிறாள், துணியே வைக்காமல்.