இன்னும் கொஞ்சம் புகை

டச்சுக் கப்பற்படை ஆங்கிலேயரை விரட்டிய கடற்போரின் ஓவியத்தை அடுத்த வாரம் ஹோர்ன் நகர மன்றத்தில் மாட்டப்போகிறார்கள். கேப்டன் சிப்ராண்ட் அதை உற்று உற்றுப் பார்த்தார்.

“என் கப்பலைக் காணோமே?”

“எந்தப் பக்கம் நின்னீங்கன்னு சொல்லுங்க, வரைஞ்சிடறேன்” என்றார் ஓவியர் வோல்ஃபர்ட்.

“கப்பல் வேண்டாம்ப்பா. நடுவுல, அட்மிரல் கப்பலை ஒட்டி, நல்லா அடர்த்தியா புகை போட்டுடு.”

“புகை போட்டா உங்க வீரம் யாருக்குத் தெரியும்?”

கேப்டன் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “அன்னிக்கு நான் துறைமுகத்தை விட்டே கிளம்பல. மாமனார் கேட்டா, இந்தப் புகைக்குள்ளதான் இருந்தேன்னு சொல்லிக்குவேன்.”

வோல்ஃபர்ட் முகத்தில் ஆச்சரியமே இல்லை. தூரிகையைச் சாம்பல் நிறத்தில் தோய்த்தார்.

“ஓரமா போடறேன், கொஞ்சம் அனுசரிச்சுக்குங்க. நடுவுல இருக்கிற புகைக்குள்ள ஏற்கெனவே மூணு கேப்டன் நிக்கறாங்க.”