பெயர் நீக்கும் படிவம்

இண்டூர் வீட்டு முன்னறையில், தகரக்கூரையின் ஆணித்துளை வழியே விழும் வெயில், வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கும் படிவத்தின்மேல் சிறு வட்டமாக நிற்கிறது. நிர்மலாதேவியின் கணவர் இறந்து நாற்பது நாள். கிணற்றுக்கும் பள்ளிக்கும் பணம் கொடுத்த அறக்கட்டளையில், பெங்களூருக்குக் கல்லுடைக்கப் போனவர்களின் ஓட்டுரிமைக்கும் கொடுங்கள் என்று பதினெட்டு வருடம் மல்லுக்கட்டியவர் அவர். "அது அரசியல்" என்றார்கள், "ஆமாம்" என்றார். "ரெண்டு தடவ வந்தேன், மாட்டுக் கொட்டாய்ல போய் ஒளிஞ்சிக்கிட்டீங்களேக்கா," என்கிறாள் பட்டியல் வேலையாக வந்திருக்கும் அங்கன்வாடி ஆசிரியை குள்ளம்மாள். "நீயும் வுடமாட்டியே!" நிர்மலாதேவி சிரிக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. கையெழுத்துப் போடுகிறாள். குள்ளம்மாள் காகிதத்தை வாங்காமல் நிற்கிறாள். "அடிக்கப்போற பேரை வூட்டுக்காரங்களே வாய்விட்டுப் படிக்கணுங்க. இல்லைன்னா உசுரோட இருக்கறவங்களையும் சேத்து அடிச்சிடுவோம்னு உங்க வூட்டு சார்தான் எங்களைப் பழக்கினாரு." கல்யாணமான முப்பத்தோரு வருடத்தில் அந்தப் பெயரை நிர்மலாதேவி ஒருமுறைகூடச் சொன்னதில்லை, 'என்னங்க' என்று கூப்பிட்டே காலம் போய்விட்டது. தெருவில் ஒகேனக்கல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருக்கிறாள். "மாதவராஜ்," என்கிறாள். சொல்லிவிட்டு உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள்.