தண்ணீருக்குப் பின்னால் ஒரு சீட்டு

நடுக்கடல் எண்ணெய் மேடையிலிருந்து படகில் குலுங்கி வந்த ஐந்து சீசாக்களை ஜெசிந்தா கரையிலிருந்த ஆய்வுக்கூடத்தின் ஜன்னலோரம் வைத்தாள். குழாய் துருப்பிடிக்காமலிருக்க ஊற்றும் மருந்து, எண்ணெயோடு வரும் தண்ணீரைப் பாலாகக் கலக்கிவிடுகிறது. ஐந்து சீசாவில் ஐந்து மருந்து. துருவைத் தடுத்து, தண்ணீரையும் தெளியவிடும் ஒன்றை அவள் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்பக்கம் உள்நோக்கி ஒட்டிய சீட்டைத் தண்ணீர் வழியே படிக்க முடிந்தால் தெளிவு. அதை எழுதி ஒட்டுபவன் அவள் கணவன் சேவியர். மாற்றாள் வராமல் இரண்டு மாதமாகக் கரைக்கு வராதவன்.

மூன்றாவது உடனே தெளிந்தது. எண்ணுக்குக் கீழே, ‘முருங்கை பூத்துடுச்சா?’ என்றிருந்தது.

“தண்ணியப் பாக்குறியா, தபால் படிக்கிறியாடி?” என்று சிரித்த, கூட வேலை பார்க்கும் ரஹீமா அக்கா, அதே மருந்தில் ஊறிய இரும்புத் துண்டை நீட்டினாள். துண்டு முழுக்கத் துரு அரித்த ஊசிக்குழி.

அந்த மாதிரிக் குழாய்க்கு மேலேதான் சேவியர் படுத்துத் தூங்குகிறான். ஜெசிந்தா பட்டியலில் மூன்றை அடித்தாள். ஐந்தாவது மருந்தில் ஊறிய இரும்பு மட்டும் பளபளவென்றிருந்தது. தண்ணீர்தான் இன்னும் வெள்ளை.

“அஞ்சு தெளிய சாயங்காலம் ஆயிடும். சீட்டை உரிச்சுப் பாத்துடேன்.”

“வேணாங்க்கா. அதுவா தெளியட்டும்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு, சீசாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.