துண்டின் கீழ்விளிம்பு

சென்னியப்பன் துண்டை இரண்டாக மடித்து, நண்பருடைய கண்களை மறைத்துக் கட்டினார்.

"ஏதாச்சும் தெரியுதுங்களாண்ணா?"

அவர் பதில் சொல்லவில்லை.

"பாருங்கக்கா, அண்ணன் அதுக்குள்ள கச்சேரிக்குப் போயிட்டாரு."

கண் கட்டியிருந்தவரின் மனைவி சிரிக்கவில்லை.

இசைத்தட்டில் உள்ள இதம் சி.டி.யில் இல்லை என்று, சி.டி. வந்த நாள் முதல் அவர் சொல்லிவருகிறார். எந்தக் காதுக்கும் வேறுபாடு தெரியாது என்பது நண்பர் சென்னியப்பனின் கட்சி. அவரிடம் இசைத்தட்டாக இருக்கும் அதே நாதஸ்வரக் கீர்த்தனையை, இன்று சி.டி.யாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டுச் சொல்ல வேண்டும். மாற்றி மாற்றிப் போடும் வேலை அவளுக்கு.

இசைத்தட்டுப் பெட்டி இடப்பக்கம், சன்னலோரம். சென்னியப்பனின் நாற்காலியும் அங்கேதான். சி.டி. பெட்டி வலப்பக்கம், அலமாரியருகே. ஒலிபெருக்கி இரண்டுக்கும் ஒன்றே.

முதல் முறை அவள் இடப்பக்கம் போனாள். ஊசியை இறக்கினாள்.

"ரெக்கார்டு," என்றார் அவர்.

அடுத்த முறை வலப்பக்கம்.

"சி.டி."

சென்னியப்பன் தொடையில் தட்டிக்கொண்டார். "காதா அது! என்ன மனுசனுங்கக்கா இவரு!"

அவள் சி.டி.யை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

குக்கரின் விசில் அவருக்குக் கேட்பதில்லை. அழைப்புமணி கேட்பதில்லை. ஏதோ யோசனையில் இருந்ததாகச் சொல்வார். அவளும் அப்படியே வைத்துக்கொள்வாள். நேராகக் கேட்டால் உறுதியாகிவிடும்.

பேத்தியைப் பள்ளியிலிருந்து ஸ்கூட்டரில் அழைத்துவருபவர் அவர். பள்ளி, பைபாஸ் சாலைக்கு அப்பால் இருக்கிறது.

போன வாரம் குழந்தை கை கொட்டிச் சொன்னாள்: "லாரி பாம்பாம்னு கத்துச்சு, அப்புச்சி நகரவே இல்ல! லாரிதான் பயந்து ஒதுங்கிப் போச்சு!"

அன்றிலிருந்து அவளுக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

இந்த ஆட்டத்துக்கு அவள் இணங்கியதே அதனால்தான். அவர் காது பழுதில்லை என்று ஒரு முறை பார்த்துவிட்டால் போதும்.

அவர் சொன்னவை இரண்டும் சரி.

ஆனால், தலை ஏன் குனிந்திருக்கிறது?

அவள் உற்றுப் பார்த்தாள். துண்டின் கீழ்விளிம்புக்கும் மூக்குக்கும் இடையே ஒரு விரற்கடை வெளிச்சம் இருந்தது.

குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டாள்.



பிறகு சென்னியப்பனுக்குச் சாடை காட்டினாள்: ஊசியை நீங்கள் இறக்குங்கள். அவர் கண்சிமிட்டி, உட்கார்ந்தபடியே கையை நீட்டி, ஊசியை இசைத்தட்டின் மேல் இறக்கினார். நாதஸ்வரம் எழுந்தது.

அவள் வலப்பக்கம் நடந்தாள். சி.டி. பெட்டியின் முன் நின்றாள்.

கணவருடைய வலக்கை தொடையில் தாளம் போடத் தொடங்கியது.

ரெக்கார்டு என்று சொல்லிவிடுங்கள். அவள் மனத்துக்குள் கேட்டது அது ஒன்றைத்தான்.

திடீரென்று நாதஸ்வரம் இழுபட்டது. தட்டைச் சுழற்றும் பழைய ரப்பர் பட்டை நழுவிவிட்டது. ஒலி தடித்தது, தாழ்ந்தது, அடிபட்ட மாடுபோல் ஒரு முறை அரற்றியது. பிறகு அடங்கியது.

எந்தச் சி.டி.யும் அப்படிச் சாவதில்லை. ஆட்டம் முடிந்தது என்று சென்னியப்பன் கையை விரித்தார்.

அறை நிசப்தமாக இருந்தது.

"சி.டி.தான்," என்றார் அவர். "என்ன இருந்தாலும் வறட்சிதானப்பா."

சென்னியப்பன் வெடித்துச் சிரித்தார். "குசும்பு! உங்க குசும்பு கட்டையில போறவரைக்கும் போகாதுங்ணா!"

அவருடைய கை தாளத்தை நிறுத்தவில்லை. தட்டு. சுண்டுவிரல். மோதிரவிரல். நடுவிரல். ஓசையே இல்லாத அறையில், பிசகில்லாத தாளம்.

அவளும் சிரித்தாள். பிறர்முன் அவருடைய மானம் போய்விடக் கூடாது என்பதற்காக, உரக்கச் சிரித்தாள்.

அவர் துண்டை அவிழ்த்தார். இருவருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு அவரும் சிரித்தார்.

சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது. சாவியை எடுத்துக்கொண்டார்.

"பாப்பா நின்னுட்டிருப்பா."

மாடிப்படியில் இறங்கினார். சென்னியப்பன், இன்னும் சிரித்தபடி, பின்னாலேயே போனார்.

புறப்பட்டவரைப் பின்னாலிருந்து அழைப்பது அந்த வீட்டில் கூடாது. அழைத்தால் அவருக்குக் கடுங்கோபம் வரும். திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடியும் கிளம்புவார். இத்தனை ஆண்டுகளில் அவள் ஒரு முறையும் அந்தப் பிழையைச் செய்ததில்லை.

"ஏனுங்க!"

அவர் இறங்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நில்லுங்க!"

திரும்பட்டும். கோபித்துக்கொள்ளட்டும். சென்னியப்பன் எதிரிலேயே திட்டட்டும்.

அவள் மாடிப்படியின் கைப்பிடியை இறுகப் பற்றினாள். மணமான நாள் முதல் நாவில் ஏறாத பெயரை, தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"நாச்சிமுத்து!"

எதிர்வீட்டில் சன்னல் திறந்தது.

நடுப்படியில் சென்னியப்பன் திடுக்கிட்டுத் திரும்பினார். அவளைப் பார்த்தார். பிறகு, அவசரமில்லாமல் கீழே போய்க்கொண்டிருந்த முதுகைப் பார்த்தார்.

சென்னியப்பனின் முகத்தில் சிரிப்பு இல்லை.

படிகளைத் தாவி இறங்கத் தொடங்கினார்.