அள்ள அள்ளக் குறையாத டிரம்

பல் டாக்டர் இரண்டு கைகளிலும் ரப்பர் உறைகளை மாட்டிக்கொண்டார். முகமூடியை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டார். மனைவியின் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பிவிட்டதைப் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். அவள் வருவதற்குள் காரியத்தை முடித்தாக வேண்டும். தடயம் எதுவும் மிஞ்சக் கூடாது.

கறுப்புப் பையில் அடைத்து இறுக்கிக் கட்டினார். பிணக்கனம் கனத்தது. சுமந்துகொண்டு லிஃப்டுக்குள் நுழைந்தால், உள்ளே குடியிருப்புச் சங்கச் செயலாளர்.

"என்ன டாக்டர், லீவு நாள்ல மாஸ்க்கும் கையுமா?"

"ஒரு அவசர கேஸ் சார்."

"பையிலேர்ந்து என்னமோ சொட்டுதே?"

"அதான் கேஸ்."

செயலாளர் மூலையோடு மூலையாக ஒண்டிக்கொண்டார். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"நாளைக்கு எல்லார் முன்னாலயும் உங்க வீட்டம்மா அந்த உர டிரம்மைத் திறந்து காட்டப் போறாங்களாமே? காய்கறித் தோல் ஒரே வாரத்துல உரமாகுதுன்னா நான் கண்ணால பாத்தாதான் நம்புவேன். இல்லேன்னா மீட்டிங்லயே கேட்டுடுவேன், சொல்லிட்டேன்."

பையில் இருந்தது அந்தக் காய்கறித் தோல்தான். ஒரு வாரத்துச் சமையலறைக் குப்பை, உரமாகிற எண்ணமே இல்லாமல் நாறிக்கொண்டிருந்தது.

பள்ளி ஆசிரியையான மனைவிக்கு இந்த வருடம்தான் பூமியைக் காப்பாற்றும் ஆசை வந்தது. துணிப்பை தைத்தாள், கடைக்குப் போகும்போது அது வீட்டிலேயே இருந்தது. துணி துவைத்த தண்ணீரைப் பிடித்து வைத்தாள். அதில் அவளே வழுக்கி விழுந்தாள். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் விழுந்து விழுந்து சிரித்தார்.

பால்கனி டிரம் ஒன்றுதான் ஒழுங்காக நடந்தது. அதையும் டாக்டரே கெடுத்தார். ஒருநாள் மூடியைத் திறந்தவர், உள்ளே புழு நெளிவதைப் பார்த்துவிட்டார். கிருமியைக் கொல்வதே தொழிலாகக் கொண்ட மனிதர். கிளினிக்கிலிருந்து கிருமிநாசினி கொண்டுவந்து கேனோடு கவிழ்த்தார். புழுக்கள் பூண்டோடு ஒழிந்தன. அவைதான் உரம் செய்யும் வேலையாட்கள் என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

சொல்லப் பயந்துகொண்டு நர்சரியில் ஒரு மூட்டை உரம் வாங்கி வந்து டிரம்மின் அடியில் கொட்டினார்.

"என்னங்க, ஓடி வாங்க! காப்பித்தூள் மாதிரி எப்படி உதிருது பாருங்க! எனக்குக் கைராசிங்க!"

அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து வெகு நாளாகிவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. அதிலிருந்து வாராவாரம் திருட்டுத்தனமாகக் குப்பையை அள்ளுவதும் மூட்டையைக் கொட்டுவதுமாக மாதங்கள் ஓடிவிட்டன.

போன வாரம்தான் டிரம்மைத் தாராளமாக நிரப்பியிருந்தார். இன்று பார்த்தால் அடியில் உரமே இல்லை, வழித்துத் துடைத்தாற்போல் இருந்தது. பால்கனியில் இருப்பதோ நாலே நாலு பூந்தொட்டி. அத்தனை உரத்தையும் தின்று ஏப்பம் விட்டு, ஒரு மொட்டுகூட வைக்காமல் நின்றன.

"அதான் எடுக்க எடுக்க ஊறுதே! விடியறதுக்குள்ள நிறைஞ்சிடும் பாருங்க" என்று காலையில் அவள் தெம்பாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள். நாளைக்கு ஊர் கூடி நிற்கும்போது டிரம் காலியாக இருந்தால்? அவள் முகம் வாடிப்போவதை டாக்டரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

குப்பையைத் தெருத் தொட்டியில் போட்டுவிட்டு, நர்சரிக்குக் காரை விரட்டினார்.

"ஸ்டாக் இல்லையே டாக்டர்" என்றார் நர்சரிக்காரர்.

"ஐயய்யோ, அப்படிச் சொல்லாதீங்க! நாளைக்கு எங்க வீட்டு மானமே உங்க கையிலதான் இருக்கு."

"பதறாதீங்க, உக்காருங்க. சரக்கு இப்ப வர்ற நேரம்தான்."

"கம்பெனி வண்டி லீவு நாள்லகூட வருமா?"

"கம்பெனியா? நீங்க முதல் தடவை வாங்கினீங்களே, அது ஒண்ணுதான் கம்பெனி மூட்டை. அதுக்கப்புறம் அவங்கள நிறுத்திட்டேன். ஒரு அம்மா வீட்லயே பண்ணிக் கொண்டாந்து தர்றாங்க. சலிச்சு, சுத்தமா, அவ்வளவு நயம். காசு குடுத்தாலும் வாங்க மாட்டேங்கறாங்க, நாலு பேர் வீட்டுச் செடி நல்லா வளந்தா போதுமாம்."

வீட்டிலேயேவா! டாக்டருக்கு ஆச்சரியமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. உலகத்தில் நிஜமான கைராசிக்காரி ஒருத்தி இருக்கத்தான் செய்கிறாள். அவளிடம் வித்தையைக் கற்றுக்கொண்டு போனால், பெண்டாட்டியை ஏமாற்றும் இந்தப் பிழைப்பை இன்றோடு தலைமுழுகிவிடலாம்.

"அவங்க வந்ததும் என்னை அறிமுகப்படுத்தி வைங்க. கால்ல விழுந்தாவது ரகசியத்தக் கேட்டுக்கறேன்."

"அதுக்கென்ன! அவங்களும் என் உரத்த யார் வாங்கறாங்கன்னு அடிக்கடி கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. தோ, வந்துட்டாங்களே!"

வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. நர்சரிக்காரர் ஓடிப்போய் மூட்டையை இறக்கினார். டாக்டர் பவ்யமாக எழுந்து, முகமூடியைக் கழற்றி, கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

வந்தவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். கூப்பிய கை கூப்பியபடியே இருக்க, டாக்டர் தன் மனைவியைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். நர்சரிக்காரருக்கு மட்டும் பல்லெல்லாம் சிரிப்பு.

"அம்மா, நீங்க கொண்டாந்து போடற மூட்டையெல்லாம் ஒண்ணு விடாம வாங்கிட்டுப் போறவர் இவருதான்!"