கூடத்துக்கு வராத குளிர்

என் மகன் காலமானபின் பேத்திக்குச் சம்பந்தம் பேசுவது என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் அதைக் கூடத்தில் ஆண்கள் பேசி முடிப்போம். பிறகுதான் பெண்களை அழைப்போம். சிவசைலம் தன் மனைவியோடும் மகனோடும் பேத்தி மங்கையைக் கேட்டு வந்தது ஒரு சித்திரை நண்பகலில்.

எங்கள் அடுக்ககத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தினம் இவ்வளவு குளிர் என்று அளவு உண்டு. யாருக்கு அதிகம் புழுங்குகிறதோ அவர் இருக்கும் அறைக்குக் கட்டிடமே அதை அனுப்பும். அன்று சமையலறையில் மங்கையோடு விருந்து சமைத்துக்கொண்டிருந்த மருமகள் கோமதிக்கே முழுவதையும் அனுப்பிவிட்டது.

"விருந்தாளிக இருக்காக. கூடத்துக்கு விடு" என்றேன்.

"நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். வேலை செய்பவருக்குத்தான் தேவை" என்றது கட்டிடம், எல்லோர் காதிலும் விழும்படி.

சிவசைலத்தின் மனைவி முதலில் எழுந்து சமையலறைக்குப் போனாள். அடுத்து மாப்பிள்ளை. கடைசியில் சிவசைலமும் கழுத்தைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

"அண்ணாச்சி, நீங்க வேணா இருந்து அவியுங்க."

நான் அசையவில்லை. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் எழுந்து போனேன். எல்லோரும் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள், மாப்பிள்ளை உட்பட.

"ஆவணி பதினெட்டு, மாமா. பேசி முடிச்சாச்சு" என்றாள் கோமதி.

"யாரைக் கேட்டு?"

"மங்கையைத்தான்" என்றார் சிவசைலம். "சரின்னுட்டா. உக்காருங்க அண்ணாச்சி."

பத்திரிகையில் என் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்தேன்.