மூன்றாவது புகார்

"இந்தா, கையெழுத்துப் போடு" என்று மேடம் தாளை நீட்டினார்.

என்மேல் எழுதிய புகாரில் நானே கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் செல்லாதாம். பிறகு என்னை இங்கே வேலைக்கு வைத்த கம்பெனி ஆபீசுக்கு நானே தபாலிலும் போட வேண்டும். இது மூன்றாவது தடவை.

மேடத்துக்குப் பக்கவாதம். வலது பக்கம் அசையாது. இடது கையால் ஒரு பக்கம் எழுதி முடிக்க அரை நாள் ஆகும். அப்படியும் விடுவதில்லை. முப்பது வருஷம் ஏதோ ஒரு ஆபீசில் ஃபைல் பார்த்தவராம். கல்யாணம், பிள்ளை குட்டி எதுவும் கிடையாது.

"இந்த வாட்டி என்ன தப்பு மேடம்?"

"ஏண்டி, பிரஷர் பாத்து நோட்டுல குறிச்சியே, மேல எழுத வேண்டியதைக் கீழயும் கீழ எழுத வேண்டியதை மேலயும் எழுதி வச்சிருக்க. டாக்டர் அதைப் பாத்தா நான் செத்து ஒரு வாரம் ஆச்சுன்னு நினைப்பார்."

உண்மைதான். முதல் புகாரும் உண்மை. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது முழங்காலை மடக்காமல் முதுகை வளைத்துத் தூக்குகிறாள் என்று எழுதியிருந்தார். இரண்டாவதும் உண்மை. மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரியாமல் மாத்திரையை நிறத்தை வைத்து அடையாளம் பார்க்கிறாள் என்று. ஐந்தாவதோடு நின்றவளுக்கு வேறு எப்படித் தெரியும்?

ஆனால் போன மாதம் பட்டப்பகலில் நாற்காலியிலேயே தூங்கிப்போனேன். பால் பொங்கி, பாத்திரம் கருகி, வீடெல்லாம் புகை. அதைப் பற்றி மேடம் ஒரு வரி எழுதவில்லை. ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மேல் மாடியில் வேலை பார்க்கும் அக்காவிடம் படிக்கட்டில் நின்று சொன்னேன்.

"மூணா? போச்சு போ! மூணு ஆச்சுன்னா ஆபீசுக்குக் கூப்பிடுவாங்க. பெட்டியைக் கட்டிக்க."

"நிஜமாவா அக்கா?"

"பின்ன, விருந்து வைக்கவா கூப்பிடுவாங்க? உங்க மேடத்துக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதுடி. ஒரு கையை வச்சுக்கிட்டே இந்தப் பாடு படுத்துது. ரெண்டு கையும் இருந்தா என்ன ஆகியிருப்பே?"

எனக்கு என் மகள் நினைப்புதான் வந்தது. நாலு வயசு. அவள் அப்பா தவறிய பிறகு நாத்தனாரிடம் விட்டுவிட்டு இந்த நாட்டுக்கு விமானம் ஏறினேன். நோயாளிப் பராமரிப்பு வகுப்பில் படித்துச் சான்றிதழ் வாங்கினால் பிள்ளையை இங்கேயே கூட்டி வந்து வைத்துக்கொள்ளலாம் என்று இங்கே சட்டம். அந்த வகுப்புக்குக் கட்டணம் கட்ட எனக்கு வக்கில்லை. ஆனாலும் வேலை நிலைத்தால் என்றைக்காவது சேரலாம் என்று ஒரு நப்பாசை. இப்போது வேலைக்கே ஆபத்து.

அக்கா சொன்னபடியே ஆபீசிலிருந்து கடிதம் வந்தது.

ஆபீசுக்குப் போக வேண்டிய நாள் காலையில் மேடத்துக்கு உடம்பு துடைத்து, துணி மாற்றி, தலை வாரிவிட்டேன். சீப்பைக் கீழே வைக்கும்போது அழுகை வந்துவிட்டது.

"மேடம், உங்கமேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஒண்ணும் தெரியாம வந்தவளை ஏழு மாசம் வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டீங்க. நான் சாப்பிட்டேனான்னு ஒரு நாள் தவறாம கேட்டீங்க. என்னை அப்படி யாரும் கேட்டதில்ல. உங்க புண்ணியத்துல என் பொண்ணும் வயிறாரச் சாப்பிடுறா. நீங்க நல்லா இருக்கணும்."

அந்த வீட்டில் நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசினது அன்றைக்குத்தான்.

மேடம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பஸ்சுக்கு நேரமாச்சு. கிளம்பு."

அக்காவை மேடம் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினேன். வாசல் வரை வந்து திரும்பிப் பார்த்தேன். மேடம் பார்க்கவில்லை. நெஞ்சில் ஈரமில்லை என்று அக்கா சொன்னது சரிதானோ என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன்.

ஆபீசில் சூப்பர்வைசர் மூன்று புகார்களையும் மேஜைமேல் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"எதுவரைக்கும் படிச்சிருக்க?"

"அஞ்சாவது சார்."

"பராமரிப்பு வகுப்புக்குப் போனதுண்டா?"

"இல்ல சார். இனிமே தப்பு பண்ண மாட்டேன் சார். ஊருக்கு அனுப்பிடாதீங்க சார்."

"ஊருக்கா? யார் சொன்னது? திருட்டு, பொய், வேலை நேரத்துல தூக்கம், இந்த மாதிரி நடத்தைப் புகார் ஒண்ணு வந்தாலே டிக்கெட் போட்டுடுவோம். உன்மேல அந்த மாதிரி ஒரு வரிகூட இல்லையே. மூணுமே வேலை தெரியலைங்கிற புகார்."

"அப்போ...?"

"அப்போ என்ன அப்போ! வேலை தெரியலைன்னு மூணு புகார் வந்தா, கம்பெனி செலவுலயே வகுப்புக்கு அனுப்பணும். விதி அப்படி. அடுத்த மாசத்துலேருந்து வாரம் ரெண்டு நாள் வகுப்பு. ஒரு வருஷத்துல பரீட்சை. பாஸ் பண்ணினா சான்றிதழ்."

வகுப்பு. சான்றிதழ். என் பொண்ணு. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன்.

"நீ ஏம்மா அழுற? அழ வேண்டியவன் நான். இப்படி ஒரு விதி இருக்கிறதே எங்க ஆபீசுல பாதிப் பேருக்குத் தெரியாது. உங்க மேடம் இருக்காங்களே, நீ வேலைக்குச் சேர்ந்த மறு வாரமே எனக்குப் போன் போட்டு, 'எத்தனை புகார் எழுதினா இந்தப் பொண்ணைப் படிக்க வைப்பீங்க?'ன்னு கேட்டு வச்சுக்கிட்டாங்க!"